கண்டக்டர் பைக்குப் போன கிம்மிக் காசு

கோமதிநாயகம் சொன்னத அவரு சொன்னபடியே சொல்லுதேன். நான் எதையும் கூட்டல. கூட்டுததுக்கு அவரு இடம் வைக்கவும் இல்ல.

எங்க மேஜிக் சங்கம் பாளையங்கோட்டையில ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில, மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழம கூடும். நான் அதுக்குப் பொருளாளர். அன்னைக்குக் குத்தாலத்துல இருந்து ஆவுடையப்பன்னு ஒரு ஓட்டல் முதலாளி வந்திருந்தாரு. சீசன் முடியுத வரைக்கும் மேச மேசயாப் போயி, சாப்பிட வந்தவங்க கண்ணு முன்னாலயே மேஜிக் காட்ட அவருக்கு ஒரு ஆள் வேணும். தங்க ரூம் உண்டு, சாப்பாடு உண்டு, சம்பளமும் மோசமில்ல.

அந்த வேலைக்கு ரெண்டு பேரு நின்னாங்க. ஒருத்தரு எங்க செயலாளர் ஞானதிரவியம். கயித்த வெட்டி ஒட்ட வைக்கதுல கெட்டிக்காரரு. இன்னொருத்தரு கோமதிநாயகம். காசு மேஜிக். ஞானதிரவியத்துக்கு வேல கெடச்சா சந்தோசம், கெடக்கலன்னா வருத்தம், அவ்வளவுதான். கோமதிநாயகத்துக்கு அப்படி இல்ல. இந்த சீசன்லயும் ஒண்ணும் அமையலன்னா மச்சினனோட சிமெண்டு கடையில போயி உக்காரணும்னு அவரு வீட்டுல முடிவாயிட்டு. மச்சினன் இப்பவே கடைக்கு வாரவன் போறவன்ட்டல்லாம், "எங்கத்தான் வரட்டும், மூட்டைய ஊதி மறைய வைப்பாரு"ன்னு சொல்லிச் சிரிக்கானாம். படியேறி வரும்போதே கோமதிநாயகம் என் கையப் புடிச்சிக்கிட்டாரு. "பொருளாளரே, இது மட்டும் தவறிச்சின்னா நான் உசிரோட செத்தேன்வே"ன்னாரு.

ஞானதிரவியம் மொதல்ல கயித்த வெட்டிக் காட்டி, ஒட்டிக் காட்டி, கும்பிடு போட்டுட்டு உக்காந்துட்டாரு. சுத்தமான வேல. எல்லாரும் கை தட்டுனோம். அடுத்தது கோமதிநாயகம். எந்திரிச்சாரு. ரெண்டு கைச்சட்டையையும் சுருட்டுனாரு. உள்ளங்கையத் திருப்பித் திருப்பிக் காட்டுனாரு. ரெண்டு கையிலயும் ஊதுனாரு. பொறவு உக்காந்துட்டாரு.

"என்ன, முடிஞ்சிட்டா?"ன்னு கேட்டாரு முதலாளி.

"இல்ல அண்ணாச்சி. காசு இல்ல."

"மறைஞ்சிட்டா?"

"கொண்டாரவே இல்ல. அதுக்கு ஒரு காரணம் இருக்கு."

"என்ன காரணம்?"னு முதலாளி கேட்டதுதான் தப்பு.

"அண்ணாச்சி, மொதல்ல கிம்மிக் காசுன்னா என்னன்னு தெரியணும். பாத்தா சாதாக் காசுதான், ஆனா வேல செஞ்ச காசு. சிலது மடங்கும், பாட்டில் வாய்க்குள்ள மடக்கி எறக்கலாம். சிலது ரெண்டு பக்கமும் தலையா இருக்கும். என் காசு மூடிக் காசு. ஒரு காச உள்ளுக்குள்ள குடைஞ்சி தோல மட்டும் விட்டிருக்கும். அத இன்னொரு காசு மேல தொப்பி மாதிரி கவுத்தா ஒரு காசு. உருவுனா ரெண்டு காசு."

"ரகசியத்த வெளியாள்ட்ட சொல்லக் கூடாதுன்னு நம்ம சங்கத்துல விதி இருக்கு"ன்னாரு ஞானதிரவியம்.

"வெளியாளா? முதலாளிவே அவரு!" கோமதிநாயகம் நாற்காலிய முன்னால இழுத்துப் போட்டுக்கிட்டாரு. "இப்ப வார காசெல்லாம் சவம், பப்படம் மாதிரி இருக்கு. குடைய எங்க எடம்? பழைய தடி அஞ்சு ரூபாதான் லாயக்கு. அதுலயும் புதுசா பளபளன்னு எடுத்தா ஆளு சந்தேகப்படுவான். ரொம்பத் தேஞ்சத எடுத்தா கையிலயே வாங்க மாட்டான். மூடிக்கும் உள்காசுக்கும் ஒரே வயசு, ஒரே அழுக்கு. மேசயில போட்டா ரெண்டும் ஒரே குரல்ல ணங்குன்னு சொல்லணும். அந்த ஜோடிக்கு நான் அலைஞ்ச அலைச்சல்ல பாதி எங்கப்பா எனக்குப் பொண்ணு தேட அலையல. ஜாதகமும் பாத்தேன்."

"காசுக்கு ஏது ஜாதகம்?" இது பிரிசில்லா டீச்சர். சீட்டு மேஜிக் செய்வாங்க. பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் எடுக்காங்க. கோமதிநாயகம் பேச ஆரம்பிச்சா அந்தம்மாவுக்குத் தலவலி வந்துரும்.

"அச்சடிச்ச வருசம் போட்டிருக்குல்லா டீச்சர்? அது போதாதா? ஜோடி அமைஞ்ச உடனே சிங்காநல்லூருக்குப் போனேன். ரங்கதுரைன்னு ஒரு லேத்து ஆளு. அவரு குடைஞ்சி குடைஞ்சி மூடிய வெங்காயத் தோலு கனத்துக்குக் கொண்டாந்துட்டாரு. கடைசிச் சுத்துல நாங்க ரெண்டு பேரும் மூச்ச அடக்கிட்டு நிக்கோம். பக்கத்து மிஷின்ல ஒருத்தன் தும்முனான். மூடி பறந்து போயி, ஓடுத ஃபேனுக்கு அடியில அந்தரத்துல நின்னுட்டு. கரண்டு போற வரைக்கும் ரெண்டு பேரும் அண்ணாந்து பாத்துக்கிட்டே உக்காந்திருந்தோம்."

"சுவிட்ச அணைக்க வேண்டியதுதான?"

"அணைச்சா அதுக்குத் தெரிஞ்சிருமே டீச்சர். உஷாராயிரும். கரண்டு போனாத்தான் தானா எறங்கும்."

முதலாளி தாடையில கைய வச்சிக்கிட்டுப் பாத்தாரு.

"பொறவு பழக்கம். காச மறைக்கது கைப்பழக்கம்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு. அண்ணாச்சி, கைக்கு என்ன பழக்கம்? பழகுதது காசு. நான் வெரலச் சொடக்குனா மறையும், கை தட்டுனா வரும். அப்படித்தான் பழக்குனேன். போகப் போக நான் இல்லாத எடத்துலயும் அது சொந்தமா தொழில் பாக்க ஆரம்பிச்சிட்டு. ராத்திரி வீட்டுல எவனாவது கொசு அடிச்சாப் போதும், கைதட்டல்னு நெனச்சி வெளிய வந்துரும். மோர்ச்சட்டிக்குள்ள வரும். தலையணைக்குள்ள வரும். எங்க மச்சினன் காதுக்குப் பின்னால வந்துச்சி. அவன் இன்னும் அந்தக் காதக் கழுவிக்கிட்டு இருக்கான்."

"இவ்வளவு பழகுன காசு எங்கவே போச்சி?"ன்னாரு ஞானதிரவியம்.

"சட்டையில போச்சி." கோமதிநாயகம் பெருமூச்சு விட்டாரு. "காசு மேஜிக் செய்யுதவன் ரெண்டு பை வச்ச சட்டதான் தைப்பான். எடது பையில கிம்மிக், வலது பையில செலவுக் காசு. மாறவே கூடாது. அன்னைக்கு ஒரு கல்யாணத்துக்குத் திருச்செந்தூர் பஸ்ஸுல போறேன். வீட்டுல எடுத்துக் குடுத்த ரெடிமேடு சட்ட. ஒத்தப் பை. ரெண்டு காசும் ஒண்ணாக் கெடக்கு. கண்டக்டரு 'சில்லறையாக் குடுங்க, சில்லறையாக் குடுங்க'ன்னு மூஞ்சிக்கு நேரா வந்து நிக்காரு. எடுத்துக் குடுத்துட்டேன். அவரு அடுத்த சீட்டுக்குப் போன பொறவுதான் பையத் தடவிப் பாக்கேன். செலவுக் காசு இருக்கு, கிம்மிக்கக் காணும் அண்ணாச்சி."

அந்த எடத்துல மட்டும் எங்கள்ல ஒருத்தரும் சிரிக்கல. இந்தத் தொழில்ல எல்லாருக்கும் அது நடந்திருக்கு. ஞானதிரவியமே ஒருதடவ மடக்குக் காசச் சர்ச்சுக் காணிக்கப் பையில போட்டுட்டு, திருப்பிக் கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு, ஆராதன முடியுத வரைக்கும் அழுத கண்ணோட நின்னவரு. பாஸ்டரு அவரப் பக்திமான்னு நெனச்சிட்டாரு.

"கேட்டு வாங்க வேண்டியதுதான?"ன்னாரு முதலாளி.

"பஸ்ஸுக்குள்ள அவரப் போயி எட்டவா முடியும்? கூட்டம். அதுக்குள்ள மூடி அதோட சோலியப் பாக்க ஆரம்பிச்சிட்டு. காசக் கண்டா கவுந்துக்கிடுததுதான அதுக்குத் தெரியும்? பைக்குள்ள ஒரு காச மூடிச்சி. அதோட சேத்து இன்னொண்ண மூடிச்சி. ஆழ்வார்திருநகரி வாரதுக்குள்ள பையில இருந்த சில்லறை அம்புட்டும் அந்த ஒத்தக் காசுக்குள்ள அடங்கிட்டு. கண்டக்டரு எந்தப் பக்கம் நிக்காரோ அந்தப் பக்கமா பஸ் சாயுது. டிரைவரு பஞ்சர்னு நெனச்சி எறங்கிப் பாத்துட்டு ஏறுதாரு."

"பையில ஏற்கெனவே இருந்த சில்லறைதான? எடை எப்படிக் கூடும்?"னு பிரிசில்லா டீச்சர் கேட்டாங்க.

"கூடல டீச்சர். பரவலா இருந்தது ஒரே எடத்துல கூடிட்டு. அஞ்சு பேரு பாயில உக்காருததும், அஞ்சு பேரும் ஒங்க மடியில உக்காருததும் ஒண்ணா? கேளுங்க. கண்டக்டரு 'போலாம் ரைட்'டுன்னு பஸ்ஸப் பளார் பளார்னு தட்டுனாரு. இந்த மூதி அதக் கைதட்டல்னு நெனச்சிட்டு. அடங்குன சில்லறை அத்தனையும் குபீர்னு கெளம்பிச்சி. டிக்கெட்டுக்குப் பின்னால பாக்கின்னு எழுதிக் குடுத்திருப்பாருல்லா? அந்த டிக்கெட்டு எவனெவன் கையில இருக்கோ, அவனவன் சட்டப்பையில பாக்கிச் சில்லறை சரியாப் போயி விழுந்துச்சி. எறங்குதவன் எல்லாம் கண்டக்டரக் கும்புட்டுட்டு எறங்குதான்."

ஞானதிரவியம் கையத் தூக்குனாரு. "கோமதி, காசு பறந்தத நான் நம்புதேன். கண்டக்டர்ட்ட இருந்து பாக்கி வந்துச்சின்னீரு பாத்தீரா, அத எந்தக் கோட்டிப்பயலும் நம்ப மாட்டான்."

"அங்கதான் என் கிம்மிக்கும் போச்சி. குரும்பூர் கிரிக்கெட் டீம் கேப்டன் ஒரு பையன், அவன் பையில விழுந்துட்டு. விழுந்த கையோட மேட்ச் ஆட எறங்கி ஓடுதான். நானும் கல்யாணமாவது கச்சேரியாவதுன்னு பின்னாலயே எறங்கி ஓடுதேன். நான் கிரவுண்டுக்குப் போறேன், அவன் அதத்தான் டாஸுக்கு எடுத்து அம்பயர் கையில குடுக்கான். அம்பயரு சுண்டுனாரு. காசு மேல போச்சி. எதிர் டீம் கேப்டன் 'தலை'ன்னான். நம்ம பையன் ராசிக்குன்னு வெரலச் சொடக்குனான். அவ்வளவுதான்."

"மறைஞ்சிட்டா?"

"மேலயே மறைஞ்சிட்டு. அம்பயரு, கேப்டன்மாரு மூணு பேரும் அண்ணாந்தபடி நிக்காங்க. காசு வரல. வெயில் உச்சிக்கு வந்துட்டு. மூணு பேருக்கும் கழுத்துப் புடிச்சிக்கிட்டு. வைத்தியரக் கூட்டியாந்து நிக்க வச்சே எண்ணெய் போட்டு நீவுனாங்க. டாஸ் விழாம மேட்ச் தொடங்கக் கூடாதுன்னு ஒரு கட்சி. சோறு ஆறுதுன்னு ஒரு கட்சி. கடைசியில பேசி முடிச்சி ரெண்டு டீமும் ஒண்ணாவே பேட்டிங் புடிச்சாங்க, இந்த முனையில ஒருத்தன், அந்த முனையில ஒருத்தன்."

"பந்து போட்டது யாரு?"ன்னு நான் கேட்டேன். கேட்டுருக்கக் கூடாது.

"பாக்க வந்த சனம். அதுல ஒரு டெய்லரு அஞ்சு விக்கெட் எடுத்தாரு. கடைசிப் பந்துல ஒருத்தன் சிக்ஸ் அடிச்சான். எந்த டீமுக்கு ரன்னுன்னு ஒருத்தருக்கும் தெரியல, ஆனா நல்ல அடி. மொத்தக் கூட்டமும் கை தட்டிச்சி. மேல இருந்து காசு வந்துச்சி பாருங்க, நேரா தளவாய்னு ஒரு சுண்டல் வியாபாரியோட தட்டுக்குள்ள. 'அது என் காசு அண்ணாச்சி'ன்னேன். 'வானத்துல இருந்து விழுந்தத ஒம்ம காசுன்னா நீரு யாரு, இந்திரனா?'ன்னு கேட்டுட்டாரு. அந்நேரம் பாத்து அவருக்குப் போன். தென்திருப்பேரையில அவரு பெரியப்பா தவறிட்டாருன்னு. தட்டத் தூக்கி சைக்கிள்ல வச்சிட்டுக் கெளம்பிட்டாரு. நான் என்ன செய்ய? ஒரு பூமாலைய வாங்கிக்கிட்டு அழுதுக்கிட்டே பின்னால போனேன்."

"அழுதீராக்கும்"னாரு ஞானதிரவியம்.

"காசுக்காகத்தான் அழுதேன். ஆனா நல்லாருந்துச்சின்னு சொன்னாங்க. சொந்தக்காரங்கள்ல பாதிப் பேருக்கு என்னப் பாத்துத்தான் அழுகையே வந்துச்சி. பெரியவருக்குக் குளிப்பாட்டி, கோடி போட்டு, எல்லாம் செஞ்சாச்சி. நெத்தியில ஒரு காசு ஒட்டி வைக்கணும். அவ்வளவு பெரிய கூட்டத்துல ஒருத்தன்ட்டயும் காசு இல்ல. எல்லாரும் போன்ல ஸ்கேன் பண்ணுத ஆளுக. ஒரு மருமகன் போனயே எடுத்து நெத்தியில வைக்கப் போனான். பெரிய மனுசங்க புடிச்சி நிறுத்திட்டாங்க. அப்பத்தான் தளவாய் மடியில இருந்து என் அஞ்சு ரூபாய எடுக்காரு. சந்தனத்தக் குழைச்சி வச்சாச்சி. யாரும் வெரலச் சொடக்கிரக் கூடாதேன்னு நான் எல்லாச் சாமியையும் கும்புட்டுக்கிட்டு நிக்கேன்."

"சாவு வீட்டுல யாருவே சொடக்கப் போறா?"

"ஒரு மதினி. முந்தின ராத்திரி பூரா பெரியவருக்குப் பக்கத்துல முழிச்சிருந்தவ. கொட்டாவி விட்டா. கொட்டாவி விட்டா வாய்க்கு முன்னால வெரலச் சொடக்குவாங்கல்லா, சொடக்குனா. மறைஞ்சிட்டு."

"காசா?"ன்னாரு முதலாளி.

"காசும். அது எது மேல இருந்துச்சோ அதுவும்."

பிரிசில்லா டீச்சர் நெத்தியப் புடிச்சிக்கிட்டு, "பெரியவரா?"ன்னு கேட்டாங்க.

"பெஞ்சோட. அழுதவங்க யாரப் பாத்து அழன்னு தெரியாம நிறுத்திட்டாங்க. மூத்த மகன் எளையவனப் பாக்கான், எளையவன் மூத்தவனப் பாக்கான். பெரியவரு சம்சாரம் பேச்சியம்மா மட்டும் அலட்டிக்கிடல. 'இந்த மனுசன் எப்பவும் இப்படித்தான், வீட்டுல ஒரு சோலின்னா ஆளக் காணாது'ன்னுட்டு முடிய முடிஞ்சிக்கிட்டா. எனக்கு மனசு கேக்கல. முன்னால போயி, 'எல்லாரும் ஒருதடவ கை தட்டுங்க, வந்துருவாரு'ன்னேன்."

"ஐயோ!"ன்னாரு முதலாளி. அவருக்கே தெரியாம வந்துட்டு.

"ஆமா அண்ணாச்சி. சாவு வீட்டுல கை தட்டச் சொன்னா விடுவானா? போன நெத்தியில வைக்கப் போனான்லா, அந்த மருமகன், என் கன்னத்துல பளார்னு ஒண்ணு விட்டான். நல்ல கைவீச்சு. காசு அதக் கைதட்டல்னு எடுத்துக்கிட்டு வந்துட்டு. பெரியவரும் வந்துட்டாரு. போகும்போது படுத்துக்கிட்டுப் போனவரு, வரும்போது உக்காந்துக்கிட்டு வந்தாரு. வந்த உடனே காப்பி கேட்டாரு."

"செத்தவரு எப்படிவே காப்பி கேப்பாரு?"ன்னு ஞானதிரவியம் எந்திரிச்சே நின்னுட்டாரு.

"நீரே இதக் கேக்கலாமா? வெட்டுன கயித்த வெட்டுனபடியா திருப்பிக் குடுக்கீரு? முழுசாத்தான குடுக்கீரு? மறைஞ்சது திரும்பி வரும்போது முழுசா வரணும். அதான வித்தை."

ஞானதிரவியம் தன் கயித்தப் பாத்துக்கிட்டே உக்காந்துட்டாரு. தொழில்முறையில அது சரிதான்.

"நான் பெரியவர்ட்ட போயி, 'ஐயா, நெத்தியில இருக்கது என் காசு'ன்னு மெதுவாச் சொன்னேன். அவரு நெத்தியத் தடவிப் பாத்தாரு. 'இத எடுத்தா நான் மறுபடியும் படுக்கணும்லாடே'ன்னாரு. பேச்சியம்மா என் மூஞ்சியவே பாக்கா. ஒரு மனுசன் உசிரா, என் காசான்னு வந்தா நான் என்ன சொல்ல? வச்சிக்கிடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இப்பவும் வயக்காட்டுக்கு நெத்தியில அஞ்சு ரூபாயோடதான் போறாரு. அதான் அண்ணாச்சி, இன்னைக்கு என் கையில காசு இல்ல."

கோமதிநாயகம் துண்டால மொகத்தத் தொடச்சிக்கிட்டாரு.

"கண்டக்டர்ட்ட மாத்திக் குடுத்துட்டேன்னு ஒத்த வார்த்தையில சொல்லிருக்கலாமேவே"ன்னாரு ஞானதிரவியம்.

அதோட கோமதிநாயகத்துக்குச் சுருதி எறங்கிட்டு. முதலாளியப் பாத்தாரு. வேற குரல்ல பேசுனாரு. "அண்ணாச்சி, ஒரு வாரம் பொறுத்தா வேற காசு செஞ்சிருவேன். எனக்கு இந்த வேல வேணும். சிமெண்டு கடையில போயி உக்காந்தா அந்தப் பய தெனமும் சிரிப்பான். என்னால தாங்க முடியாது." அவரு கண்ணு கலங்கிட்டு. இதுல புளுகு ஒண்ணும் இல்லன்னு எங்க எல்லாருக்கும் தெரிஞ்சிச்சி. எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சி.

முதலாளி என்னப் பாத்து மணி கேட்டாரு. சொன்னேன். அவரு திடுக்குன்னு நிமிந்தாரு.

"காலையில ஒரு இட்லி கூட வயித்துல போடாம பஸ் ஏறுனேன். சாப்பாட்டு நேரம் தாண்டிட்டு. எனக்குப் பசியே தெரியல." நாற்காலிய விட்டு எந்திரிச்சாரு. "அருவியில குளிச்சிட்டு வாரவன் எப்படிப் பசியோட வருவான் தெரியுமா? எங்க கடையில சீசன் கூட்டத்துல ஆடர் குடுத்து பரோட்டா மேசைக்கு வர முக்கா மணி நேரம் ஆவுது. அதுக்குள்ள டம்ளரப் போட்டுத் தட்டுதான், சப்ளையரு சட்டயப் புடிக்கான், பாதிப் பேரு எந்திரிச்சி எதுத்த கடைக்குப் போயிருதான். செயலாளர் அண்ணாச்சி, ஒங்க கயிறு வேல ரொம்ப நல்லாருந்துச்சி. ஆனா சட்டுன்னு முடிஞ்சிட்டு. முடிஞ்ச உடனே எவனும் 'பரோட்டா எங்க?'ன்னுதான் கேப்பான்." கோமதிநாயகம் பக்கம் திரும்புனாரு. "நீரு வெள்ளிக்கிழம வந்துரும்."

கோமதிநாயகம் முதலாளியோட ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டாரு. "அண்ணாச்சி, வெள்ளிக்கிழமைக்குள்ள ஜோடி சேத்துருதேன். மூடிக் காசு கொண்டாரவா, மடக்குக் காசு கொண்டாரவா?"

"காசே வேண்டாம். காசு ஏன் இல்லன்னு சொல்லிக்கிட்டே இரும். மேஜிக் காட்டவே கூடாது. காட்டுனா முடிஞ்சிரும்."

"மேஜிக் செய்யாம நான் எப்படி மேஜிசியனா இருக்கது?"ன்னு கோமதிநாயகம் எங்க எல்லாரையும் பாத்துக் கேட்டாரு.

ஞானதிரவியம் கயித்தச் சுருட்டிப் பையில வச்சிக்கிட்டே சொன்னாரு: "சங்கத்துல சேந்த நாள்ல இருந்து அப்படித்தானவே இருக்கீரு."